அம்மா எங்கே இருக்க வேண்டும்? சொந்த வீடு, பிள்ளைகள் வீடு, முதியோர் குடியிருப்பு: ஓர் ஒப்பீடு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவே பேச்சு தொடங்கிவிட்டது. பந்தல்காரர் இன்னும் எடுத்துப்போகாத நாற்காலிகளில் அண்ணன், நான், தம்பி, சித்தப்பா, மாமா எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "அக்காவை இனி யார் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று மாமா கேட்டார். அம்மா அடுக்களையில் வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணும் சத்தம் நின்றது. நாங்கள் மூவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் "நான் வைத்துக்கொள்கிறேன்" என்றோம். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் "நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் அம்மா?" என்று ஒருவரும் எழுந்துபோய்க் கேட்கவில்லை. 'வைத்துக்கொள்வது' என்ற சொல் ஒரு மனுஷிக்குப் பொருந்துமா என்று எனக்கு அன்று தோன்றவும் இல்லை.

அடுத்த ஒன்றரை ஆண்டில் தாம்பரத்தில் என் வீடு, பெங்களூரில் அண்ணன் வீடு, கோவைக்கு அருகே ஒரு முதியோர் குடியிருப்பு, கடைசியில் மயிலாடுதுறையில் அவருடைய சொந்த வீடு என்று அம்மா நான்கு இடங்களில் இருந்து பார்த்தார். நான்கையும் பக்கத்திலிருந்து கண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் அது 18.2 சதவீதமாகும். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகளோ இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவர்களும் ஊரில் இல்லை. எங்கள் கூடத்தில் அன்று எழுந்த கேள்வி எத்தனையோ கூடங்களில் எழுந்துகொண்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் தேடும்போது நாம் இரவைப் பற்றியே யோசிக்கிறோம். நெஞ்சு வலித்தால் யார் இருப்பார்கள், குளியலறையில் வழுக்கினால் யார் தூக்குவார்கள் என்ற பயம் நம்மை ஆட்டுகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அம்மா வாழ்வது பகலில். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை அவர் யாரோடு பேசுவார், என்ன வேலை செய்வார், அவரைத் தேடி யார் வருவார்கள் என்ற கேள்விக்கு எந்த இடம் நல்ல பதில் தருகிறதோ, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரவுக்கான ஏற்பாட்டை அதன்மேல் கட்டிக்கொள்ளலாம். இரவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் பகலைப் பிறகு உண்டாக்குவது மிகக் கடினம்.

முடிவெடுக்கும் முன்

துணையை இழந்தவரிடம் முதல் ஓராண்டில் திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் கேட்காதீர்கள். வீட்டை விற்பது, வாடகைக்கு விட்டுவிட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்வது, பத்திரம் எழுதுவது எல்லாவற்றையும் ஆண்டுத் திதி முடியும் வரையாவது தள்ளிப்போடலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் அம்மியையும் கிரைண்டரையும் யார் எடுத்துக்கொள்வது என்று ஒரு பேச்சு வந்தது. அதைத் தடுத்து நிறுத்தியதுதான் அந்த ஆண்டில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

அடுத்தது காது. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டதைத் துக்கம் என்றே எண்ணியிருந்தோம். தம்பி கனடாவிலிருந்து போன் செய்தால் இரண்டு முறை "சரிப்பா, சரிப்பா" என்றுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். விருந்தாளிகள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். பரிசோதித்தபோதுதான் இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. கருவி பொருத்திக்கொள்ளச் சம்மதிக்க இரண்டு மாதம் ஆயிற்று. பழகிக்கொள்ள இன்னும் இரண்டு மாதம். அதன் பிறகு தம்பியோடு அரை மணி நேரம் பேசுகிறார். மறதிநோய்க்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை என்று 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. கேட்புக் குறைவு, சரிசெய்யாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு, மற்றவரோடு பழக்கமற்ற தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இடத்தை மாற்றுவதற்கு முன் காது, கண், பல் மூன்றையும் காட்டிவிடுங்கள். தனிமை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடலாம்.

மூன்றாவது, அவருக்கு உண்மையில் எவ்வளவு உதவி வேண்டும் என்று கணக்கிடுவது. முதியோர் மருத்துவர்கள் இதை இரண்டு படியாகப் பார்க்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது ஆகிய ஆறும் ஒரு படி. சமையல், கடைக்குப் போவது, பணக்கணக்கு, மாத்திரையை வேளை தவறாமல் எடுப்பது, போன் பேசுவது, பஸ் ஏறிப் போய் வருவது போன்றவை இன்னொரு படி. இரண்டாவது படியில் மட்டும் தடுமாறுகிறவருக்கு ஓர் ஆள் சில மணி நேரம் துணையிருந்தால் போதும். முதல் படியில் இரண்டு மூன்று போய்விட்டால் கதை வேறு. அப்போது எந்த இடமானாலும் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வேண்டும். அன்று அம்மாவுக்கு 74 வயது. முதல் படியில் குறை எதுவும் இல்லை. இரண்டாவதில் மாத்திரையும் பஸ்ஸும்தான் சிக்கல். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் நாங்கள் அத்தனை பதற்றப்பட்டிருக்க மாட்டோம்.

பிள்ளைகள் வீடு

முதலில் தாம்பரம். ஆறாவது மாடி, லிப்ட் உண்டு, இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று மருத்துவமனைகள். மருத்துவ வசதியில் சென்னையோடு எந்த ஊரும் போட்டியிட முடியாது. இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். கிண்டியில் 2024-இல் முதியோருக்காகவே தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்திருக்கிறது. இரவைப் பற்றிய பயம் அனைத்துக்கும் தாம்பரத்தில் பதில் இருந்தது.

பகலுக்கு இல்லை. காலை எட்டரைக்கு நானும் கணவரும் கிளம்பிவிடுவோம். பிள்ளைகள் திரும்ப நாலரை மணி. இடையில் எட்டு மணி நேரம் அம்மா பால்கனியில் துணி காயப்போடுவார். பிறகு அதையே மடித்து வைப்பார். கீழே போக வேண்டுமென்றால் லிப்ட் பொத்தானை அழுத்த வேண்டும், கதவுச் சாவியை எடுத்துப்போக வேண்டும். "எதற்கு வம்பு" என்று இருந்துவிடுவார். பீரோவில் ஒரு தட்டு முழுவதையும் காலி செய்து கொடுத்திருந்தேன். நான்கு மாதமும் அது காலியாகவே கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பையிலிருந்தே புடவையை எடுத்து உடுத்தினார். துவைத்து மடித்த புடவையை அந்தப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். ஒரு நாள் தரையைத் துடைக்கும்போது அந்தப் பையை நகர்த்திப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவுக்கு இன்னொரு தடையும் இருந்தது. பெண் கொடுத்த வீட்டில் நெடுநாள் தங்கிச் சாப்பிடுவது அவர் தலைமுறைக்குக் கூச்சம். என் கணவர் முகம் கோணியதே இல்லை. ஆனாலும் சம்பந்தி வீட்டார் வரும் நாட்களில் அம்மா பின்கட்டைத் தேடுவார். அடுக்குமாடி வீட்டில் பின்கட்டு ஏது?

பிறகு பெங்களூர். இரண்டு மாதம் அண்ணன், இரண்டு மாதம் நான் என்று முறை வைத்தோம். நான்கு வழிகளில் இதைத்தான் கடைசியில் வைப்பேன். பிள்ளைகளுக்குள் பாரம் சமமாகப் பிரிகிறது. ஆனால் அந்தச் சமத்துக்கு விலை கொடுப்பவர் அம்மா. ஒவ்வொரு முறையும் புது மருத்துவர். பழைய சீட்டை ஒருவர் மாற்றினார், அடுத்தவர் திரும்பவும் மாற்றினார். ஒரே ரத்த அழுத்த மாத்திரை வேறு வேறு பெயரில் இரண்டு டப்பாவில் கிடந்ததைத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். அண்ணன் வீட்டில் ஓர் இரவு கழிப்பறைக்கு எழுந்தவர், தாம்பரத்தில் திரும்புவதுபோல் வலப்பக்கம் திரும்பிச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டார். அங்கே கழிப்பறை இடப்பக்கம். "எந்த வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை" என்று மறுநாள் போனில் சொன்னார். மறதி தொடங்கிய ஒருவரை இப்படி இடம் மாற்றி மாற்றிச் சுழற்றினால் குழப்பம் கூடும். முறை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அம்மா ஓரிடத்தில் இருக்கட்டும், நீங்கள் முறைபோட்டுக்கொண்டு போய் வாருங்கள்.

பிள்ளை வீடு தவறான தேர்வு என்று சொல்லவில்லை. படுத்த படுக்கையானவருக்கும், இறுதிக் காலத்தில் இருப்பவருக்கும், மறதி முற்றியவருக்கும் பெற்ற பிள்ளையின் கை வேறு எதற்கும் ஈடாகாது. பிள்ளை உள்ளூரிலேயே இருந்தால் பேச்சே இல்லை. அதைவிடச் சிறந்த ஒரு வழியும் உண்டு: பிள்ளை இருக்கும் பகுதியிலேயே, பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில் ஒரு சிறிய வாடகை வீடு. அடுப்பு தனி, சாவி தனி, நடந்து போகும் தூரம். பெரியவர்களின் கௌரவமும் மருமகளின் நிம்மதியும் இரண்டுமே காப்பாற்றப்படுகின்றன. என் தோழி ஒருத்தியின் மாமனார் நங்கநல்லூரில் இப்படித்தான் இருக்கிறார். கோயில், தெருமுனைக் கடை, வாசலில் திண்ணை எல்லாம் அமைந்த பகுதி என்பதால் அவருக்கு வாய்த்தது.

வெளிநாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரு முறை போனால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். தம்பி ஆசையோடு கூப்பிட்டான். பேரக்குழந்தை பிறக்கும்போது ஆறு மாதம் போய் வருவது நல்லது. நிலையாகப் போவதென்றால் பனிக்காலத்தில் வாசலைக்கூடத் திறக்க முடியாது, மொழி கிடையாது, எதற்கும் பிள்ளையின் காரை எதிர்பார்க்க வேண்டும். அம்மா ஒரே நாளில் மறுத்துவிட்டார்.

முதியோர் குடியிருப்பு

கோவையைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. மலையடிவாரக் காற்று, நல்ல தண்ணீர், பெரிய மருத்துவமனைகள் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. அண்ணன் விசாரித்த ஓரிடத்தில் விருந்தினராக ஒரு மாதம் தங்கிப் பார்க்க அனுமதித்தார்கள். நானும் முதல் வாரம் கூடவே இருந்தேன்.

இங்கே பகல் நிறைந்திருந்தது. இதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆறரைக்கு நடை, எட்டுக்குப் பொது உணவுக்கூடத்தில் சிற்றுண்டி, பத்து மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் செய்தித்தாள் வாசிப்பு, மாலையில் பஜனையோ கேரமோ. படுக்கை அருகிலும் குளியலறையிலும் அழைப்பு மணி; அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் ஆள் வந்தார். வாசற்படியில் தடுக்கும் நிலை கிடையாது, எல்லா இடத்திலும் பிடிமானக் கம்பி.

நான் எதிர்பாராத ஒன்றையும் அங்கே கண்டேன். எங்கள் ஊரில் அப்பா போன பிறகு அம்மா எந்தக் கல்யாணத்துக்கும் முன்வரிசையில் போய் நிற்பதில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத ஊர். அந்தக் குடியிருப்பில் பாதிக்கு மேல் கணவரை இழந்த பெண்கள். எதிர் வீட்டு அம்மாள் ஒரு மாலை தோட்டத்து மல்லிகையைக் கட்டி அம்மாவின் கையில் கொடுத்தார். "இங்கே யாரும் நெற்றியைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பதில்லை" என்றார். அம்மா பூவைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு இரவு வரை முகர்ந்துகொண்டிருந்தார். சொந்த ஊர் என்றாலே சொர்க்கம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சில பெண்களுக்கு ஊரைவிட்டு வருவதே மூச்சு விடும் வழி.

அப்படியிருந்தும் அம்மா அங்கே நிலைக்கவில்லை. முதல் காரணம் கேட்கச் சிறியது: அங்கே சைவ உணவு மட்டும்தான். அறையில் சமைத்துக்கொள்ளலாம், ஆனால் மீனும் கறியும் கூடாது. தரங்கம்பாடி மீனில் வளர்ந்த ஒருவருக்கு அறுபது எழுபது ஆண்டு நாக்கை ஒரு விதிமுறையால் மாற்ற முடியாது. சாப்பாடு வேளாவேளைக்கு வந்தது. அம்மா ஒரு மாதத்தில் மூன்று கிலோ இளைத்தார். இரண்டாவது காரணம் பெரியது. அங்கே அவரை எல்லோரும் அன்பாக நடத்தினார்கள். ஆனால் அவரால் ஆக வேண்டியது என்று யாருக்கும் ஒன்றும் இல்லை.

இதைப் பற்றி யோசிப்பவர்கள் நேரில் கேட்க வேண்டியவை சில உண்டு. படுத்துவிட்டால் அங்கேயே பார்க்கும் பிரிவு இருக்கிறதா, அல்லது "உங்கள் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்களா? பல இடங்களில் நடமாட்டமாக இருப்பவர்களை மட்டுமே சேர்க்கிறார்கள். மறதிநோய் வந்தால் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் இருக்கும். வீட்டை விலைக்கு வாங்குவதா, முன்பணம் கட்டித் தங்குவதா; கணவன் மனைவியில் ஒருவர் போன பிறகு மற்றவர் அதே கட்டணத்தைக் கட்ட வேண்டுமா; திரும்ப விற்கும்போது யாருக்கு விற்கலாம், அதற்குள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரு மாதமாவது தங்கிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

முதியோர் இல்லம் இதிலிருந்து வேறுபட்டது, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில் மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அறக்கட்டளைகள் நடத்தும் இல்லங்களும் கட்டண இல்லங்களும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் முகம் சுளிக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிளாஸ்கோடும் ஒரு டிபன் பாக்ஸோடும் நாளெல்லாம் விடப்படும் படுக்கைவாசியைவிட, நல்ல இல்லத்தில் வேளைக்குத் திருப்பிப் படுக்க வைக்கப்படுகிறவர் நன்றாக இருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேர்ப்பதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். படுத்திருப்பவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா, ஆயாக்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். பதிவு பெற்ற இல்லமா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சொந்த வீடு

கோவையிலிருந்து திரும்பிய பிறகுதான் அம்மாவை உட்கார வைத்துக் கேட்டோம். "மயிலாடுதுறைக்குப் போகிறேன்" என்றார், யோசிக்கவே இல்லை.

பயந்துகொண்டேதான் கொண்டுபோய் விட்டேன். இரண்டு வாரம் விடுப்பெடுத்துக் கூட இருந்தேன். அந்த இரண்டு வாரத்தில்தான் அம்மாவின் பகல் என்னவென்று முதன்முறையாகப் பார்த்தேன். பதினோரு மணி வாக்கில் மீன்காரம்மா வருவார். கூடையை இறக்கி வைத்துவிட்டு முதலில் தண்ணீர் கேட்பார். பிறகு இடுப்புப் பையிலிருந்து மகளிர் குழுவின் பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எவ்வளவு கட்டியிருக்கிறது, எவ்வளவு பாக்கி, அடுத்த தவணை எப்போது என்று வரிவரியாகப் படித்துச் சொல்வார். கணக்கு தப்பாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மீன் விலை. நாலு மாதம் தாம்பரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அதே அம்மா. நாங்கள் அவரை அழைத்துப் போன பிறகு அந்தக் கணக்கை யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் இல்லை. முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன், அம்மா வரட்டும் என்று" என்றார் மீன்காரம்மா.

காலையில் வாசல் தெளிக்காவிட்டால் பால்காரர் கேட்பார். பதினோரு மணிக்குக் கதவு திறக்காவிட்டால் மீன்காரம்மா தட்டுவார். இந்தக் கண்காணிப்பை எந்தக் கேமராவும் தராது. நாங்கள் கேமராவும் வைக்கவில்லை, அம்மா விரும்பவில்லை.

ஆனால் சொந்த வீடு தானாகவே பாதுகாப்பாகிவிடாது. அதற்கு நிறைய வேலை செய்ய வேண்டியிருந்தது. குளியலறையில் வழுக்காத தரை, கழிப்பறை அருகே இரண்டு பிடிமானக் கம்பி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, முற்றத்தில் பாசி படியாமல் வாரம் ஒருமுறை தேய்ப்பதற்கு ஆள். மாடியை ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்தோம்; இரவில் அழைத்தால் இறங்கி வருவார்கள் என்பது மட்டுமே நிபந்தனை. அவர்களுடைய இரண்டாம் வகுப்புப் பையன் மாலையில் அம்மாவிடம் தமிழ் வாசிக்க உட்காருகிறான். காலை ஏழு முதல் மாலை நான்கு வரை துணைக்கு ஒரு பெண்.

துணைக்கு வரும் பெண்ணைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டும், ஏனென்றால் இந்த வழி நிற்பதும் விழுவதும் அவரால்தான். முதலில் ஏஜென்சி மூலம் வந்தவர் மூன்றாம் வாரம் சொல்லாமல் போய்விட்டார். போய்விட்ட அந்த மூன்று நாளில் ஐப்பசி மழை. அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் மயிரிழை முறிவு, ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் "நான் செய்தது தவறோ" என்று தூங்காமல் கிடந்தேன். பிறகு வந்தவர் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அவருக்கும் காய்ச்சல் வரும், மகள் பிரசவம் வரும், தீபாவளி வரும். வாரம் ஒரு நாள் விடுமுறை, ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அவர் வராத நாளில் வருவதற்கு இன்னொருவர் என்று எல்லாம் பேசி வைத்த பிறகே ஏற்பாடு நிலைத்தது. நம் அம்மாவுக்கு மரியாதை வேண்டுமென்றால் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் மரியாதை வேண்டும்.

அரசு உதவிகளை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கு ரேஷன் பொருள் வீட்டுக்கே வரத் தொடங்கியது. 14567 என்பது முதியோருக்கான தேசிய இலவச உதவி எண். அம்மாவின் போனுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். தமிழக அரசு 2025-இல் அன்புச்சோலை என்ற பெயரில் முதியோர் பகல்நேர மையங்களையும் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு மையம் இருந்தால், பிள்ளை வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அது பெரிய வரம்: இரவு பிள்ளையோடு, பகல் நாலு பேரோடு. தாம்பரத்தில் எங்கள் பக்கத்தில் அன்று அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

பணத்தைப் பற்றி: எங்கள் ஊரில் பகல் துணைக்கு மாதம் 12,000 ரூபாய் ஆகிறது. சென்னையில் முழுநேர ஆளுக்கு ஏஜென்சிகள் கேட்டது 25,000-க்கு மேல். குடியிருப்பில் மாதச் செலவு இவை இரண்டுக்கும் இடையில், ஆனால் முதலில் பெருந்தொகை கட்ட வேண்டும். பிள்ளை வீட்டில் செலவே இல்லை என்று தோன்றும். ஒருவர், பெரும்பாலும் பெண், வேலையை விட வேண்டி வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தாம்பரத்தில் அதை அவர் தொடவே இல்லை. இங்கே துணைப் பெண்ணின் சம்பளத்தை அவரே எண்ணிக் கொடுக்கிறார். மாடிப் பையனுக்குப் பென்சில் வாங்கித் தருகிறார்.

வீட்டை எழுதி வைப்பது

இடையில் ஒருமுறை அம்மா வீட்டை அண்ணன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தவர் அண்ணன்தான். முன்பு சொன்ன 2007-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படாத வழக்குகளில் பெற்றோர் தோற்றதும் உண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, சொத்தைத் திரும்பத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. ஆனாலும் வழக்கை நம்பி எழுதாதீர்கள். உயில் போதும். தான் இருக்கும் வரை வீடு தன்னுடையது என்ற நினைப்புதான் அம்மாவை மருமகளிடமும் மருமகனிடமும் தலைநிமிர்ந்து பேச வைக்கிறது. எழுதியே ஆக வேண்டுமென்றால், ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

இப்போது

அம்மா மயிலாடுதுறையில் இருக்கிறார். நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகிறேன். அண்ணன் மாதம் ஒரு முறை. கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் எல்லோரும். மழைக் காலம் இரண்டு மாதம் மட்டும் அம்மா தாம்பரத்துக்கு வருகிறார். திரும்பிப் போகும் தேதி தெரிந்து வருவதால் இப்போது புடவைகளைப் பீரோவில் வைக்கிறார்.

இது என்றைக்கும் நிற்கும் ஏற்பாடு அல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் போன ஆண்டு எல்லோரும் கூடியிருந்தபோது ஒரு தாளில் எழுதி வைத்தோம். மறுபடி விழுந்தால், அடுப்பை அணைக்க மறப்பது இரண்டு முறைக்கு மேல் நடந்தால், குளிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ ஆள் தேவைப்பட்டால், முழுநேர ஆள் வைப்பதா, என் வீட்டுக்கு அருகே தரைத்தளத்தில் வீடு பார்ப்பதா என்று அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றையும் அண்ணன் எழுதினார். அம்மா பேனாவை வாங்கி நான்காவதாக "நானே சொன்னால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாள் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. தை மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து படித்தோம்; எதையும் மாற்றவில்லை. அடுத்து ஆடியில் படிப்போம்.